பிரசங்கம் பண்ணாத அல்லேலூயா

டயாலிசிஸ் பிரிவில் அவளுக்குப் பெயர் அல்லேலூயா. நேரில் பார்த்தால் "அக்கா" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அல்லேலூயா. இதற்குப் பெரிய வரலாறு எதுவும் கிடையாது. அவள் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், பல நாளாக மூச்சுவிடாமல் கிடந்த ஏசி ஒரு மதியம் திடீரென்று ஓட ஆரம்பித்தது. வியர்த்து வழிந்துகொண்டிருந்தவள் வாய் தவறி, "அல்லேலூயா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு சொல்தான். அதன் பிறகு அவள் என்ன பேசினாலும், பேசாமல் இருந்தாலும், அந்தச் சொல்லுக்குள் உட்காரவைத்துத்தான் அவளைப் பார்த்தார்கள்.

அவள் போகும் சபை ஒரு டயர் கடையின் மேல்மாடியில் கூடியது. கல்யாணமாகிப் புருஷனோடு இந்த நகரத்துக்கு வந்த புதிதில், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாலையில், மேலே பாட்டுச் சத்தம் கேட்டு ஏறிப்போனாள். முன்பின் தெரியாத ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அந்த நகரத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அப்புறம் போய்க்கொண்டே இருந்தாள். விசுவாசம் மெதுவாகத்தான் வந்தது; வந்தது போகவில்லை. ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள்.

செய்தி ஊருக்குப் போனது. அவளுடைய மூத்த அக்கா போன் போட்டாள்.

"உன்னை யாரோ நல்லா மயக்கிட்டாங்கடி. இனிமே நீ சிரிக்கக்கூட மாட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தாள்.

"பாத்தியா, சிரிப்பே ஒரு மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

புருஷன் அப்படியெல்லாம் பயப்படவில்லை. அவன் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்குத் தூக்கம்தான். "நீ போயி எனக்கும் சேத்துப் பாடிட்டு வா" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

சங்கடமெல்லாம் வேலையிடத்தில்தான். நர்ஸுகளின் ஓய்வறைக்குள் அவள் காலெடுத்து வைத்தால், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தம் குறையும். பாதி ஜோக் தொண்டையிலேயே நிற்கும். கூட்டாகச் சினிமாவுக்குப் போகும்போது அவளைக் கூப்பிடமாட்டார்கள். வெறுப்பில் இல்லை. "பாவம், வர முடியாதுன்னு சொல்ல அவங்களுக்குத்தானே சங்கடம்" என்ற நல்ல மனசில். அவளுக்கோ சினிமா பிடிக்கும், அதிலும் அடிதடிப் படம். அதை எந்த வாசல் வழியாகப் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. நானும் உங்களை மாதிரிதான் என்று நோட்டீஸா ஒட்ட முடியும்?

அவர்கள் பயந்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுடைய சபையிலேயே ஒரு பெண் இருந்தாள். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவாள். பஸ்ஸக்கா என்றே சபைக்குள் அவளுக்குப் பெயர். ஒரு தடவை பஸ்ஸக்காவிடம் மாட்டியவர்கள், அடுத்த தடவை அமைதியாக இருக்கிற நர்ஸைப் பார்த்தாலும் ஒதுங்கத்தானே செய்வார்கள்.

டயாலிசிஸ் என்பது உட்கார்ந்து கிடக்கிற வைத்தியம். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, கையில் இரண்டு ஊசி இறக்கி, குழாயை மெஷினோடு மாட்டிவிடுவார்கள். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். நாலு மணி நேரம். அந்தக் கையை மடக்கக்கூடாது, எழுந்து நடக்க முடியாது. பக்கத்தில் யார் வந்து என்ன பேசினாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அதனால்தான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்த முதல் நாளே தலைமை நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இங்க ஒரு அல்லேலூயா சிஸ்டர் இருக்காங்களாமே. அவங்க என் பக்கம் வேண்டாம். கைகாலைக் கட்டிப்போட்டுப் பிரசங்கம் கேக்க என்னால ஆகாது."

தலைமை நர்ஸ் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது, அவள் "சரி மேடம்" என்று அறையின் மறுகோடிக்குப் போய்விட்டாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. அவர் முகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஆனால் வாத்தியாரைக் கவனித்த நர்ஸ் பிரசவ லீவில் போனாள். ஆள் பற்றாக்குறை. வாத்தியார் அல்லேலூயாவின் கையில் வந்து விழுந்தார். முதல் நாள் அவர் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பரீட்சைக்கு வந்த பையனைப் போல. அவள் ஊசி போட்டாள். "குளிருதா சார்?" என்றாள். போர்வையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று அவரிடம் கேட்டாள். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை.

"சிஸ்டர், எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"

"எதை சார்?"

"பிரசங்கத்தை. நான் பதிலெல்லாம் தயார் பண்ணி வெச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

அவள் குழாயைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "ஊசி குத்தி உக்கார வெச்சிருக்கேன். உங்களால எழுந்து போக முடியாது. இப்பப் போயி நான் பேசினா அது நியாயமா சார்?"

வாத்தியார் பல வருஷம் வகுப்பறையில் எழுந்து போக முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். அவருக்கு அது புதுசாக இருந்திருக்கவேண்டும்.

"அப்ப, எழுந்து நின்னு கேட்டா?"

"கேளுங்க. அப்பப் பேசலாம்."

அன்றிலிருந்து, டயாலிசிஸ் முடிந்து கட்டுப்போட்ட கையோடு லிஃப்டுக்குக் காத்து நிற்கிற நேரம் வாத்தியாருக்கும் அவளுக்கும் வாக்குவாத நேரமானது. உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம் என்று அவர் கேட்பார். "தெரியல சார், நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்" என்பாள். "இது பதிலா?" என்று அவர் கத்துவதற்குள் லிஃப்ட் வந்துவிடும். "மிச்சத்தை அடுத்த வாட்டி வெச்சுக்குறேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் இறங்கிப்போவார். அந்த மிரட்டலுக்கு அவள் வாய்விட்டுச் சிரிப்பதும் அப்போதுதான் வழக்கமானது.

மருத்துவமனையில் இப்படி என்றால் சபையில் வேறு மாதிரி. ஒரு ஞாயிறு, கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பஸ்ஸக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை மாதிரி பாக்கியம் யாருக்கு இருக்கு? நாலு மணி நேரம்! ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. என்கிட்ட அந்த வேலை இருந்தா இந்நேரம் இந்த ஹாலே பத்தாது. எத்தனை பேருக்குச் சொன்னே, சொல்லு?"

அவள் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவள் வீடுவரை சுமந்துகொண்டு போனாள். இங்கே போனால் அளவுக்கு மிஞ்சிய விசுவாசி, அங்கே போனால் அரைகுறை விசுவாசி. இரண்டு பக்கமும் அடிவாங்கும் மத்தளம் மாதிரி ஆகிவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த நேரத்தில்தான் புகார் வந்தது.

நோயாளிகளில் ஒரு வயதான அம்மா இருந்தார். எப்போது வந்தாலும் இரண்டு போர்வை கேட்பார் என்பதால் போர்வையம்மா. அவருடைய நாடி நடுநடுவே ஒரு துடிப்பை விழுங்கிவிடும். மானிட்டர் குழம்பிப்போய் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். கையால் பிடித்து எண்ணினால்தான் சரியாக இருக்கும். அல்லேலூயாவுக்குக் கண்ணை மூடினால்தான் எண்ண வரும், உதடும் அசையும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற போர்வையம்மாவின் மகன் பார்த்தது இதைத்தான்: அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, எதையோ முணுமுணுக்கிற நர்ஸ். 'சுகமளிக்கும் ஜெபம் செய்து என் தாயை மதம் மாற்றப் பார்க்கிறார்' என்று நிர்வாக அதிகாரியிடம் போய்ப் புகார் கொடுத்துவிட்டான்.

விசாரணை முடியும்வரை நோயாளிகள் பக்கம் போகவேண்டாம் என்று அவளை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். பஞ்சையும் குழாயையும் பிரித்து அடுக்குகிற வேலை. "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒரு குரல் ஓய்வறையிலிருந்து கேட்டது. "ச்சே, அவங்க அப்படி இல்லப்பா" என்று இன்னொரு குரல். இரண்டாவது குரல் கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் எதிரே உட்கார்ந்து கேட்டான்.

"இதுல என்ன இருக்கு? நாடியை எண்ணினேன்னு சொல்லிட்டு வா. அது உண்மைதானே?"

"பாதி உண்மை."

"பாதியா?"

"ஒவ்வொரு ஆளுக்கும் ஊசி போடறப்ப மனசுக்குள்ள ஜெபம் பண்ணுவேங்க. வெளியில யாருக்கும் தெரியாது. அந்தம்மாவுக்கும் பண்ணியிருக்கேன். 'ஜெபம் பண்ணினியா?'ன்னு கேட்டா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப உங்க பாஸ்டரைப் போய்க் கேளு. அந்த டிபார்ட்மெண்டு எனக்குத் தெரியாது."

பாஸ்டரிடம் போகத்தான் அவளுக்கு அதிகப் பயம். விஷயம் தெரிந்தால் அவர் என்ன செய்வார் என்று அவளே எழுதி, அவளே நடித்தும் பார்த்துவிட்டாள். 'இது விசுவாசத்துக்காக வந்த உபத்திரவம், தைரியமாக நில்' என்பார். சபையையே கூட்டி மருத்துவமனை வாசலில் நிறுத்துவார். இல்லையென்றால், 'இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் கிடைத்த தண்டனை' என்பார்.

வாரநாட்களில் பாஸ்டருக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலை. அவள் போனபோது தரையில் படுத்து ஒரு மெஷினுக்கு அடியில் கையை விட்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பஸ்ஸக்கா கேட்டதையும், தான் ஒரு நோயாளியிடம்கூடப் பிரசங்கம் பண்ணியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். பாஸ்டர் எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா வீடு வீடாப் போறேன் சகோதரி. எந்த வீட்டுலயும் நான் வேதத்தைத் திறந்ததில்ல. அவங்க மெஷின் ஓடலன்னு கூப்பிட்டாங்க. நான் மெஷினைத்தானே பாக்கணும்?"

"பாஸ்டர்!"

"சபையில சொல்லல. பாஸ்டரே இப்படியான்னு நினைப்பாங்களோன்னு ஒரு பயம். அன்னிக்குப் பஸ்ஸக்கா உன்னைக் கேட்டப்ப, அடுத்து என்னைக் கேட்டுட்டா என்ன பண்றதுன்னு நடுங்கிட்டு நின்னேன்."

அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் தன்னை ஒரு அச்சில் வார்த்துப் பார்க்கிறது என்று புலம்பினாளே, பாஸ்டரை அவளும் ஒரு அச்சில்தான் வார்த்து வைத்திருந்தாள்.

"கேட்டா உள்ளதைச் சொல்லு. கேக்காததைச் சொல்ல வேணாம்" என்றார் பாஸ்டர். "வாசல்ல யாரும் வந்து நிக்க மாட்டோம். பஸ்ஸக்காவை நான் பாத்துக்கறேன்."

விசாரணை நிர்வாக அதிகாரியின் அறையில் நடந்தது. அதிகாரி, தலைமை நர்ஸ், போர்வையம்மாவின் மகன், அவள். மகன் பாங்கில் வேலை பார்க்கிறவன். சண்டைக்காரன் முகமாக இல்லை, தூங்காத முகமாக இருந்தது.

"அன்னிக்கு என்ன பண்ணினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நாடியை எண்ணினேன் சார். மானிட்டர் அவங்களுக்குச் சரியா காட்டாது."

தலைமை நர்ஸ் தலையாட்டினார். "அது உண்மை சார். எல்லாருமே கையிலதான் எண்ணுவோம்."

அதிகாரியின் முகம் தெளிந்தது. பேனாவை மூடப்போனவர், சம்பிரதாயத்துக்காக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப ஜெபம் எதுவும் பண்ணலையே?"

இல்லை என்று ஒரு சொல் போதும். தலைமை நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணும்போது இல்ல சார். ஊசி போடும்போது பண்ணினேன். மனசுக்குள்ள. எல்லாருக்கும் பண்ணுவேன்."

தலைமை நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். என்ன எழுதுவதென்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மனசுக்குள்ள பண்றதுக்கு..." என்று ஆரம்பித்து, "அதுக்கு நம்மகிட்ட விதி ஏதாவது இருக்கா மேடம்?" என்றார்.

அந்த நேரம் கதவைத் தட்டிவிட்டு வாத்தியார் உள்ளே வந்தார். கையில் கட்டு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை; பிரிவில் பேசிக்கொண்டதைக் கேட்டு அவராகவே வந்திருந்தார்.

"நான் நாத்திகன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். "இந்த அம்மா பக்கத்துல வரக்கூடாதுன்னு முதல் ஆளா எழுதிக் கொடுக்காத குறையாச் சொன்னவன். பிரசங்கம் பண்ணச் சொல்லி மாசக்கணக்கா வம்புக்கு இழுத்துப் பாத்துட்டேன். எழுந்து போக முடியாதவங்ககிட்டப் பேசமாட்டேங்கிறாங்க. என் பதிலெல்லாம் வீணாப் போச்சு."

"சார், இவங்க மனசுக்குள்ள ஜெபம் பண்ணினதா ஒத்துக்கறாங்க."

வாத்தியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குமா?"

"ஆமா சார்."

"கேக்காமலேயா?"

"மன்னிச்சுக்கோங்க சார்."

அவர் கொஞ்சம் முறைத்தார். பிறகு அதிகாரியிடம் சொன்னார்: "மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு விசாரிக்க ஆரம்பிக்காதீங்க. அப்புறம் இந்த ஆஸ்பத்திரி காப்பியைப் பத்தி என் மனசுக்குள்ள ஓடறதையும் நீங்க எழுதவேண்டி வரும்."

தலைமை நர்ஸுக்குச் சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மெதுவாகக் கேட்டான்.

"எங்கம்மாவுக்கு என்னன்னு ஜெபம் பண்ணினீங்க?"

"ஊசி ஒரே தடவையில சரியா இறங்கணும்னு. அவங்களுக்கு நரம்பு நழுவும். ரெண்டாவது தடவை குத்தினா ரொம்ப வலிக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான். அவனுடைய சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு பிரசங்கியார் வந்து ஜெபம் பண்ணி, சுகமாயிடுச்சு, இனி மாத்திரை வேண்டாம் என்றார். சித்தப்பா மாத்திரையைத் தூக்கி எறிந்தார். அந்த வருஷமே போய்விட்டார். "அந்தப் பிரசங்கியாரும் இப்படித்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு... அம்மாகிட்ட உங்களைப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துது."

வாத்தியார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த ஆள் மேல எனக்கும் கோவம் வருது தம்பி" என்றாள் அவள். "நான் நம்பற சாமி பேரைச் சொல்லித்தானே இதைப் பண்ணியிருக்கான். உங்கம்மா மாத்திரையை நிறுத்தணும்னு யாராவது சொன்னா, அது என் பாஸ்டராவே இருந்தாலும் சரி, முதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

அவன் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "நான் அம்மாவையே கேட்டிருக்கணும்" என்றான். "கேக்கல. பயத்துல நேரா இங்க வந்துட்டேன். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். யாரைவிடவும் அவருக்குத்தான் அதிக நிம்மதி போலிருந்தது. நோயாளி கேட்டால் ஒழிய மத விஷயம் பேசக்கூடாது என்று பொதுவாக ஒரு வரி எழுதினார். "நான் ஏற்கெனவே அப்படித்தான் சார் இருக்கேன்" என்றாள் அவள். "தெரியுது. எனக்கு ஏதாவது எழுதணுமே" என்றார் அவர்.

அவளும் தலைமை நர்ஸும் வெளியே வந்தார்கள். தலைமை நர்ஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பொய் சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே. எனக்கு உயிரே போயிடுச்சு."

"எனக்கும்தான் மேடம்."

ஓய்வறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் ஒருத்தியின் கை பழக்கத்தில் போனை நோக்கிப் போனது. "குறைக்காதீங்கப்பா, நல்லா இருக்கு" என்றாள் அவள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இளைய நர்ஸ் துணிந்து, "அக்கா, வெள்ளிக்கிழமை படத்துக்குப் போறோம். ஆனா சும்மா வெட்டுக்குத்துப் படம். உங்களுக்கு..." என்று இழுத்தாள்.

"யாரு வில்லன்?" என்றாள் அவள்.

அறையே சிரித்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இப்போது அல்லேலூயா என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அது முன்னைவிடப் பரவாயில்லை.

விசாரணை முடிந்த அன்று மதியம் கேண்டீனில் ஒரு தட்டுச் சோற்றை முழுசாகச் சாப்பிட்டாள். பிறகு எழுந்துபோய் இன்னொரு தட்டு வாங்கிவந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தலைமை நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் தன் தட்டிலிருந்த முட்டையையும் அவள் பக்கம் தள்ளினார்.